விவாகரத்து வழக்கு நிலுவையில் இருக்கும்போது இடைக்கால ஜீவனாம்சம் பெறுவது எப்படி? சட்டமும் நடைமுறையும்

மைசூரு: விவாகரத்து வழக்கு முடிவதற்கு ஆண்டுகள் ஆகலாம். ஆனால் வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் மளிகைக் கடை பாக்கியும் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை. கணவரின் வருமானத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த ஒரு பெண், வழக்குத் தொடங்கிய மறுமாதமே வருமானம் ஏதுமின்றி நிற்கும் நிலை ஏற்படுகிறது. வழக்கு நடைபெறும் காலத்தில் அவரும் குழந்தைகளும் வாழ்வதற்கும், வழக்கை நடத்துவதற்கும் தேவையான தொகையை மறுதரப்பிடம் இருந்து பெற்றுத் தருவதே இடைக்கால ஜீவனாம்சம்.

மைசூரு நகரின் பழைய குடியிருப்புகளில் ஒன்றான மண்டி மொஹல்லாவை எடுத்துக்கொள்வோம். கன்னடம், உருது, தமிழ் பேசும் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் வணிகப் பகுதி இது. திருமணமாகித் தமிழ்நாட்டுக்கோ பெங்களூருவுக்கோ சென்ற பெண் ஒருவர், மணவாழ்வு முறிந்து இங்குள்ள தாய் வீட்டுக்குத் திரும்பி வருகிறார் என வைத்துக்கொண்டால், அவர் முன் நான்கு கேள்விகள் நிற்கும். எந்த நீதிமன்றத்தை நாடுவது? எந்தச் சட்டத்தின் கீழ் மனு செய்வது? மாதச் சம்பளம் இல்லாமல் கடையோ ஆட்டோவோ நடத்தும் கணவரின் வருமானத்தை எப்படி நிரூபிப்பது? உத்தரவு பிறப்பித்த பிறகும் பணம் வராவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்விகளுக்குச் சட்டமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளும் கூறும் விடைகள் வருமாறு:

எந்தச் சட்டம் யாருக்கு?

இடைக்கால ஜீவனாம்சத்துக்கு இந்தியாவில் ஒரே ஒரு சட்டம் என்று கிடையாது. திருமணம் எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது என்பதைப் பொறுத்து வழி மாறுபடும்.

இந்து திருமணச் சட்டம் 1955-ன் 24-வது பிரிவு, இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் ஆகியோருக்குப் பொருந்தும். இந்தப் பிரிவின் கீழ் மனைவி மட்டுமன்றி கணவரும் ஜீவனாம்சம் கோரலாம். தம்மைத் தாமே பராமரித்துக் கொள்ளவும் வழக்குச் செலவைச் சந்திக்கவும் போதிய சொந்த வருமானம் தமக்கு இல்லை என்பதைக் காட்ட வேண்டும். மாதத் தொகை, வழக்குச் செலவு ஆகிய இரண்டையும் இதே மனுவில் கேட்கலாம். விவாகரத்து வழக்கு மட்டுமல்லாது, சேர்ந்து வாழ உத்தரவு கோரும் வழக்கு, நீதிமன்றப் பிரிவினை வழக்கு, திருமணத்தைச் செல்லாததாக அறிவிக்கக் கோரும் வழக்கு ஆகியவற்றிலும் இந்தப் பிரிவு பொருந்தும். வழக்கைத் தொடுத்தவர் கணவராக இருந்தாலும், அதே வழக்கில் மனைவி இந்த மனுவைத் தாக்கல் செய்யலாம்.

சிறப்புத் திருமணச் சட்டம் 1954-ன் கீழ் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு அச்சட்டத்தின் 36-வது பிரிவும், கிறிஸ்தவர்களுக்கு விவாகரத்துச் சட்டம் 1869-ன் 36-வது பிரிவும் உள்ளன. இவ்விரண்டின் கீழும் மனைவி மட்டுமே கோர முடியும். கிறிஸ்தவப் பெண்களுக்கு வழங்கும் இடைக்காலத் தொகை கணவரின் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று முன்பு இருந்த வரம்பு, 2001-ம் ஆண்டு திருத்தத்தில் நீக்கப்பட்டது. பார்சி சமூகத்தினருக்கு 1936-ம் ஆண்டின் பார்சி திருமணம் மற்றும் விவாகரத்துச் சட்டம் வழி செய்கிறது.

எல்லா மதத்தினருக்கும் பொதுவான வழிகள் இரண்டு. முதலாவது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 144-வது பிரிவாக இடம்பெற்றுள்ளது. அந்தத் தேதிக்கு முன் தொடங்கி நிலுவையில் உள்ள வழக்குகள் பழைய சட்டப்படியே தொடரும். விவாகரத்து வழக்கு எதுவும் இல்லாமலேயே இந்தப் பிரிவின் கீழ் மனைவி, குழந்தைகள், பெற்றோர் பராமரிப்புத் தொகை கோரலாம். விவாகரத்தான பெண்ணும் மறுமணம் செய்துகொள்ளாத வரையில் கோரலாம். கணவர் தமக்காக இந்தப் பிரிவில் மனு செய்ய இயலாது.

இரண்டாவது, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005. இதன் 20-வது பிரிவு பண உதவிக்கும், 23-வது பிரிவு இடைக்கால உத்தரவுக்கும் வழி செய்கின்றன. அவசர நிலை இருப்பதாக மாஜிஸ்திரேட் கருதினால், மறுதரப்பை விசாரிக்கும் முன்பே உத்தரவிட முடியும். வீட்டில் வசிக்கும் உரிமை, பாதுகாப்பு உத்தரவு ஆகியவற்றையும் இதே மனுவில் சேர்த்துக் கேட்கலாம்.

முஸ்லிம் பெண்களுக்கு என்ன வழி?

மண்டி மொஹல்லா போன்ற பகுதிகளில் அதிகம் எழும் கேள்வி இது. இதற்கான விடை கிடைக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

இந்தூரைச் சேர்ந்த ஷா பானு 1978-ல் 125-வது பிரிவின் கீழ் மனு செய்தபோது, அவர் கேட்டது மாதம் 500 ரூபாய். அன்றைய சட்டம் அனுமதித்த உச்ச வரம்பு அதுவே. மாஜிஸ்திரேட் வழங்கியது மாதம் 25 ரூபாய். மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதனை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 1985 ஏப்ரல் 23-ம் தேதி உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதைத் தொடர்ந்து எழுந்த அரசியல் கொந்தளிப்பில் 1986-ம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் விவாகரத்து உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அந்தச் சட்டம் வந்த பிறகு 125-வது பிரிவு முஸ்லிம் பெண்களுக்குப் பொருந்துமா என்ற வாதம் பல ஆண்டுகள் நீடித்தது.

அந்த வாதத்துக்கு 2024 ஜூலை 10-ம் தேதி உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. தெலங்கானாவில் இருந்து வந்த அந்த வழக்கே ஓர் இடைக்கால ஜீவனாம்ச வழக்குதான். குடும்ப நல நீதிமன்றம் மாதம் 20,000 ரூபாய் வழங்க உத்தரவிட்டது; உயர் நீதிமன்றம் அதை 10,000 ரூபாயாகக் குறைத்தது. 1986-ம் ஆண்டுச் சட்டம் இருப்பதால் முன்னாள் மனைவி 125-வது பிரிவை நாட முடியாது என்று கணவர் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார். நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, அகஸ்டின் ஜார்ஜ் மசிஹ் ஆகியோர் அடங்கிய அமர்வு அந்த வாதத்தை ஏற்கவில்லை. 125-வது பிரிவு எல்லா மதப் பெண்களுக்கும் பொதுவானது என்றும், 1986-ம் ஆண்டுச் சட்டம் அதற்குக் கூடுதலான வழியே அன்றி மாற்று அல்ல என்றும் அமர்வு தீர்ப்பளித்தது.

எந்த ஊர் நீதிமன்றத்தில் மனு செய்யலாம்?

திருமணம் சேலத்தில் நடந்தது, கணவன் மனைவி வாழ்ந்தது பெங்களூருவில், மனைவி இப்போது இருப்பது மைசூருவில் எனில், வழக்குக்காகச் சேலத்துக்கோ பெங்களூருவுக்கோ அலைய வேண்டியதில்லை. 2003-ம் ஆண்டு திருத்தத்துக்குப் பின், மனைவி தாம் தற்போது வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுக்கலாம். பராமரிப்புத் தொகை கோரும் மனுவையும், குடும்ப வன்முறைச் சட்ட மனுவையும் தாம் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்ய முடியும்.

ஆனால் கணவர் வேறு ஊரில் ஏற்கெனவே விவாகரத்து வழக்குத் தொடுத்திருந்தால், 24-வது பிரிவு மனுவை அந்த வழக்கு நடைபெறும் நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்ய வேண்டும். அந்த வழக்கைத் தம் ஊருக்கு மாற்றக் கோரும் உரிமை மனைவிக்கு உண்டு. இரு ஊர்களும் ஒரே மாநிலத்தில் இருந்தால் உயர் நீதிமன்றத்தையும், வெவ்வேறு மாநிலங்களில் இருந்தால் உச்ச நீதிமன்றத்தையும் அணுக வேண்டும். மாற்றல் மனு முடிய காலதாமதமாகும் என்று கருதினால், தாம் வசிக்கும் ஊரில் 144-வது பிரிவின் கீழ் தனியாக மனு செய்துகொள்வதும் சட்டப்படி இயலும்.

கர்நாடகத்தின் கீழமை நீதிமன்றங்களில் கன்னடம் வழக்கு மொழியாக உள்ளது. எனவே தமிழில் உள்ள திருமணப் பத்திரிகை, கடிதங்கள், ஒப்பந்தங்கள் ஆகியவற்றுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படும். அவற்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்தால் சில வாய்தாக்கள் மிச்சமாகும்.

ஏழு ஆண்டுகள் நீண்ட ஒரு வழக்கு

இடைக்கால மனுவை நோட்டீஸ் சார்பு செய்த நாளில் இருந்து இயன்றவரை 60 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்று 2001-ம் ஆண்டு திருத்தங்கள் கூறுகின்றன. நடைமுறையில் பல வழக்குகளில் இந்தக் காலக்கெடு காகிதத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குச் சான்றாக அமைந்த வழக்கே, இன்று நாடு முழுவதும் குடும்ப நல நீதிமன்றங்கள் பின்பற்றும் விதிமுறைகளுக்கு வித்திட்டது.

மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த அந்தப் பெண், மகன் பிறந்த சிறிது காலத்தில், 2013 ஜனவரியில் கணவர் வீட்டை விட்டு வெளியேறினார். அதே ஆண்டு செப்டம்பர் 2-ம் தேதி தமக்கும் மகனுக்கும் இடைக்காலப் பராமரிப்புத் தொகை கோரி மனு செய்தார். குடும்ப நல நீதிமன்றம் உத்தரவிட்டது 2015 ஆகஸ்ட் 24-ம் தேதி. மனைவிக்கு மாதம் 15,000 ரூபாயும், மகனுக்கு முதலில் மாதம் 5,000 ரூபாயும் பின்னர் 10,000 ரூபாயும் வழங்கும்படி அந்த உத்தரவு கூறியது. கணவர் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வை அணுகித் தோல்வியுற்றார். அதன் பின் உச்ச நீதிமன்றம் சென்றார். அங்கு தீர்ப்பு வந்தபோது, இடைக்கால மனு தாக்கலாகி ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன.

ரஜ்னேஷ் எதிர் நேஹா எனப்படும் அந்த வழக்கில், 2020 நவம்பர் 4-ம் தேதி நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, ஆர். சுபாஷ் ரெட்டி ஆகியோர் தீர்ப்பளித்தனர். குடும்ப நல நீதிமன்றத்தின் உத்தரவை உறுதி செய்து, நிலுவைத் தொகையை 12 வாரங்களுக்குள் செலுத்தக் கணவருக்கு உத்தரவிட்டனர். அத்துடன், இனி இவ்வாறு இழுபறி ஏற்படாதிருக்க நாடு முழுமைக்குமான நெறிமுறைகளையும் வகுத்தனர். அவற்றில் முக்கியமானவை:

* ஜீவனாம்சம் கோரும் எல்லா வழக்குகளிலும் இரு தரப்பினரும் தங்கள் சொத்து, வருமானம், கடன் விவரங்களை நீதிமன்றம் நிர்ணயித்த படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும்.

* எதிர்மனுதாரர் பதில் மனுவுடன் இந்தப் பிரமாணப் பத்திரத்தையும் நான்கு வாரங்களுக்குள் அளிக்க வேண்டும். அதற்கென இரண்டு வாய்ப்புகளுக்கு மேல் தரக் கூடாது. வேண்டுமென்றே மேலும் தாமதம் செய்தால் அவரது எதிர்வாதத்தை நீக்குவது குறித்து நீதிமன்றம் பரிசீலிக்கலாம்.

* பிரமாணப் பத்திரங்கள் தாக்கலான பின் அதிகபட்சமாக நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள் இடைக்கால உத்தரவைக் காரணங்களுடன் பிறப்பிக்க முயல வேண்டும்.

* தொகையை உத்தரவு பிறப்பித்த நாளில் இருந்து அல்லாமல், மனுத் தாக்கல் செய்த நாளில் இருந்தே கணக்கிட்டு வழங்க வேண்டும்.

* வெவ்வேறு சட்டங்களின் கீழ் மனு செய்தால், முந்தைய உத்தரவுகளை மனுதாரர் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். ஒரு வழக்கில் கிடைத்த தொகை மற்றதில் ஈடு செய்துகொள்ளப்படும்.

* பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர், வறுமைக் கோட்டுக்குக் கீழ் வாழ்வோர், தினக்கூலிகள் ஆகியோருக்குப் பிரமாணப் பத்திரத்தில் இருந்து விலக்கு உண்டு.

மனுத் தாக்கல் செய்த நாளில் இருந்து தொகை கணக்கிடப்படும் என்பது சாதாரண விதியாகத் தோன்றலாம். ஆனால் வழக்கை இழுத்தடிப்பதால் கிடைத்துவந்த லாபத்தை அது இல்லாமல் செய்கிறது. மாதம் 10,000 ரூபாய் என உத்தரவாகும் வழக்கு 18 மாதங்கள் நீண்டால், முதல் நாளிலேயே 1,80,000 ரூபாய் நிலுவை நிற்கும். அதேபோல், மனுவைத் தாமதமாகத் தாக்கல் செய்யும் பெண் அந்த இடைப்பட்ட மாதங்களுக்கான தொகையை இழக்கிறார்.

சம்பளச் சீட்டு இல்லாத வருமானம்

அரசு ஊழியர், வங்கி ஊழியர் ஆகியோரின் வருமானத்தை நிரூபிப்பது எளிது. மண்டி வியாபாரம், கமிஷன் தொழில், வாடகை வாகனம், சில்லறைக் கடை, ஒப்பந்த வேலை ஆகியவற்றில் ஈடுபட்டிருப்பவர்களின் வருமானத்தை நிரூபிப்பதே கடினம். தம் மாத வருமானம் சில ஆயிரம் ரூபாயே என்று கணவர் பிரமாணப் பத்திரத்தில் கூறும்போது, அதை மறுக்கும் சுமை நடைமுறையில் மனைவி மீது விழுகிறது.

கணவரின் உண்மையான வருமானம் மனைவிக்குத் தெரியாமல் இருப்பது இயல்பே என்பதை உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டுள்ளது. தமக்கு மட்டுமே தெரிந்த விவரத்தை அவரவரே வெளிப்படுத்த வேண்டும் என்ற சாட்சியச் சட்டக் கோட்பாட்டை நீதிமன்றங்கள் இங்கு பயன்படுத்தலாம். விவரங்களை மறைத்தால் பாதகமான முடிவுக்கு வரலாம். பொய்ப் பிரமாணம் செய்தவர் மீது நடவடிக்கையும் எடுக்கலாம்.

ஆயினும் மனுதாரர் கையில் இருக்கும் சிறு சான்றும் பயன் தரும். ஜிஎஸ்டி பதிவு, கடையின் தொழில் உரிமம், வாகனப் பதிவு, கட்டட வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எண்கள், கூட்டுக் கணக்கு அறிக்கை, யுபிஐ பரிவர்த்தனைகளின் நகல், காப்பீட்டுப் பாலிசி, சீட்டு நிறுவனப் பாஸ்புக், பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது ஆகியவை குடும்பத்தின் வாழ்க்கைத் தரத்தைக் காட்டும். வங்கிக் கணக்கு விவரங்களைத் தாக்கல் செய்ய மறுதரப்புக்கு உத்தரவிடும்படியும் நீதிமன்றத்திடம் கோரலாம். கணவன் மனைவியாக வாழ்ந்த காலத்தில் மாதச் செலவு எவ்வளவு என்பதற்கான ஆதாரமே, பல வழக்குகளில் வருமானத்தை ஊகிக்க உதவுகிறது.

வருமானமே இல்லை என்ற வாதமும் எளிதில் எடுபடாது. உடல் வலிமை உள்ள கணவர் உடலுழைப்பைச் செய்தாவது மனைவியையும் குழந்தைகளையும் காக்கக் கடமைப்பட்டவர் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் மீண்டும் வலியுறுத்தியது.

தொகை எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது?

இதற்கென சட்டத்தில் சூத்திரம் எதுவும் இல்லை. கணவரின் நிகர வருமானத்தில் 25 சதவீதம் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சுட்டிக்காட்டப்பட்ட ஒரு வழிகாட்டி மட்டுமே. இரு தரப்பின் வாழ்க்கைத் தரம், மனைவியின் நியாயமான தேவைகள், அவரது கல்வித் தகுதி, வேலை, குழந்தைகளின் படிப்புச் செலவு, உடல்நலம், கணவரைச் சார்ந்துள்ள பெற்றோர், வழக்குச் செலவு ஆகிய அனைத்தும் கருத்தில் கொள்ளப்படும்.

மனைவி படித்தவர், வேலைக்குச் செல்லக் கூடியவர் என்பதால் மட்டும் தொகையைக் குறைக்க முடியாது. சம்பாதிக்கும் திறன் இருப்பதும் உண்மையில் சம்பாதிப்பதும் வேறு வேறு என்று, கர்நாடகத்தில் இருந்து மேல்முறையீட்டுக்குச் சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-ல் கூறியது. மனைவிக்குச் சிறு வருமானம் இருந்தாலும், அது முந்தைய வாழ்க்கைத் தரத்துக்குப் போதுமானதா என்பதே கேள்வி. அதே நேரத்தில், போதிய வருமானம் உள்ளவர் அதை மறைத்து மனு செய்தால், அந்த மனு தள்ளுபடியாவதற்கு வாய்ப்புண்டு.

பிடித்தம் போக மிஞ்சும் சம்பளம் மிகக் குறைவு என்ற வாதத்தையும் நீதிமன்றங்கள் ஆராய்கின்றன. வங்கி அதிகாரி ஒருவர் தொடுத்த வழக்கில் 2024-ல் தீர்ப்பளித்த கர்நாடக உயர் நீதிமன்றம், வருமான வரி, தொழில் வரி ஆகிய கட்டாயப் பிடித்தங்களை மட்டுமே கழிக்க முடியும் என்றது. வருங்கால வைப்பு நிதி, கடன் தவணை, காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவற்றைக் காட்டி ஜீவனாம்சத்தைக் குறைக்கக் கோர முடியாது என்றும் தெரிவித்தது.

மறுபுறம், மிகைப்படுத்திய கோரிக்கைகளும் ஏற்கப்படுவதில்லை. பெங்களூருவில் குடும்ப நல நீதிமன்றம் மாதம் 50,000 ரூபாய் இடைக்காலத் தொகை வழங்கிய ஒரு வழக்கில், தமக்கு மாதம் 6,16,300 ரூபாய் தேவை என்று மனைவி உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2024 ஆகஸ்டில் அதை விசாரித்த நீதிபதி லலிதா கன்னேகந்தி, ஒரு தனி நபருக்கு மாதம் இவ்வளவு செலவா என வினவினார். அவ்வளவு செலவு செய்ய விரும்பினால் அவரே சம்பாதித்துக் கொள்ளலாம் என்றும், நியாயமான தொகையுடன் வரும்படியும் கூறினார். அந்த விசாரணையின் காணொளி நாடெங்கும் பரவியது. செலவுப் பட்டியலைத் தயாரிக்கும்போது ஒவ்வொரு தொகைக்கும் ரசீதோ காரணமோ இருக்க வேண்டும் என்பதே இதில் இருந்து பெறும் பாடம்.

தடையாகக் கூடியவை

144-வது பிரிவின் கீழ், மனைவி வேறொருவருடன் தகாத உறவில் வாழ்ந்தாலோ, தகுந்த காரணமின்றிக் கணவருடன் வாழ மறுத்தாலோ, இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழ்ந்தாலோ பராமரிப்புத் தொகை மறுக்கப்படலாம். கொடுமை, கணவரின் இரண்டாவது திருமணம் போன்றவை பிரிந்து வாழத் தகுந்த காரணங்களாக ஏற்கப்படுகின்றன. சேர்ந்து வாழும்படி கணவர் நீதிமன்ற உத்தரவு பெற்றிருந்து, மனைவி அதற்கு இணங்காமல் இருந்தாலும், அதனால் மட்டும் தொகையை மறுக்க முடியாது என 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

திருமணமே செல்லாது என்று மறுதரப்பு வாதிடும் வழக்குகளில் என்ன செய்வது? 2025 பிப்ரவரி 12-ம் தேதி நீதிபதி அபய் எஸ். ஓகா தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கு விடை தந்தது. திருமணம் செல்லத்தக்கதல்ல என முதல் நோக்கில் தோன்றினாலும், வழக்கு முடியும் வரை 24-வது பிரிவின் கீழ் இடைக்காலத் தொகை வழங்கத் தடையில்லை. ஆயினும் இது நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டது என்றும், மனுதாரரின் நடத்தையைக் கருத்தில் கொள்ளலாம் என்றும் அமர்வு குறிப்பிட்டது.

உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால்?

பல குடும்பங்களில் உண்மையான போராட்டம் இங்குதான் தொடங்குகிறது. 144-வது பிரிவின் கீழ் பிறப்பித்த உத்தரவை மீறினால், நிலுவைத் தொகையை வசூலிக்க வாரண்ட் பிறப்பிக்கலாம். அதன் பின்னும் செலுத்தாவிட்டால், ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்க முடியும். ஆனால் தொகை செலுத்த வேண்டிய நாளில் இருந்து ஓராண்டுக்குள் வசூல் மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். சமரசம் ஏற்படும் என்ற நம்பிக்கையில் இந்தக் காலக்கெடுவைத் தவறவிடுவோர் உண்டு.

24-வது பிரிவின் கீழ் வந்த உத்தரவை உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போல நிறைவேற்றலாம். சொத்து ஜப்தி, சம்பளப் பிடித்தம் ஆகியவற்றுக்கு மனு செய்யலாம். வேண்டுமென்றே செலுத்தாத கணவரின் எதிர்வாதத்தை நீக்கும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. எனினும் அதைக் கடைசி ஆயுதமாகவே பயன்படுத்த வேண்டும் என்கிறது 2020-ம் ஆண்டுத் தீர்ப்பு.

வழங்கப்பட்ட தொகை போதாது என்றோ அதிகம் என்றோ கருதும் தரப்பினர் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். கர்நாடகத்தில் 24-வது பிரிவு உத்தரவுகளுக்கு எதிராகப் பெரும்பாலும் ரிட் மனுக்களே தாக்கலாகின்றன. தடை உத்தரவு பெறாத வரையில், மேல் நடவடிக்கை நிலுவையில் உள்ளது என்பது மாதத் தொகையை நிறுத்துவதற்குக் காரணமாகாது. வேலை இழப்பு, வருமான உயர்வு, குழந்தையின் உயர்கல்வி போன்ற மாற்றங்கள் ஏற்பட்டால், அதே நீதிமன்றத்தில் தொகையைத் திருத்தக் கோரலாம்.

எதுவரை கிடைக்கும்?

24-வது பிரிவின் கீழ் கிடைக்கும் தொகை, மூல வழக்கு நடைபெறும் காலத்துக்கு மட்டுமே. வழக்கு முடிந்தால் அதுவும் முடியும். ஆனால் அதுவரை சேர்ந்த நிலுவையை வசூலிக்கும் உரிமை தொடரும். விவாகரத்துத் தீர்ப்பின்போதோ அதற்குப் பின்னரோ நிரந்தர ஜீவனாம்சம் வேண்டுமெனில், 25-வது பிரிவின் கீழ் தனியாக மனு செய்ய வேண்டும். இடைக்காலத் தொகை பெற்றுவந்த காரணத்தால் நிரந்தரத் தொகை தானாகக் கிடைத்துவிடாது.

குழந்தைகளின் உரிமை தாயின் உரிமையில் இருந்து தனிப்பட்டது. தாய்க்குத் தொகை மறுக்கப்பட்டாலும் குழந்தைக்கான பராமரிப்பை அதனால் மறுக்க முடியாது. எனவே மனுவில் குழந்தைகளுக்கான தொகையைத் தனியே குறிப்பிடுவது நல்லது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையெனில்

சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-ன் 12-வது பிரிவின்படி, வருமான வரம்பு ஏதுமின்றி எல்லாப் பெண்களும் இலவச சட்ட உதவி பெறத் தகுதி உடையவர்கள். மைசூரு உட்பட ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே, வழக்கறிஞர் ஒருவரை நியமிப்பதற்கான நடைமுறை தொடங்கும். தேசிய சட்ட உதவி எண் 15100. வன்முறைக்கு உள்ளாகும் பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மனுவை எழுதித் தாக்கல் செய்யப் பாதுகாப்பு அதிகாரியின் உதவியையும் நாடலாம்.

மனு செய்யும் முன் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டியவை: திருமணச் சான்று அல்லது திருமணப் பத்திரிகை, புகைப்படம், குழந்தைகளின் பிறப்புச் சான்று, இருவரின் ஆதார் விவரம், தற்போதைய முகவரிக்கான சான்று, தம் வங்கிக் கணக்கு அறிக்கை, மாதச் செலவுப் பட்டியலும் ரசீதுகளும், கணவரின் தொழில், வருமானம் குறித்துக் கிடைத்த ஆவணங்கள், ஏற்கெனவே நிலுவையில் உள்ள வழக்குகளின் எண்கள்.

கையில் பணம் இல்லாதவர், கிடைத்த சமரசத்தை ஏற்றுக்கொண்டு வழக்கில் இருந்து விலகும் நிலைக்குத் தள்ளப்படலாம். இரு தரப்பும் சம நிலையில் நின்று வழக்காட வேண்டும் என்பதற்காகவே இடைக்கால ஜீவனாம்சத்தைச் சட்டம் வகுத்துள்ளது. எந்தச் சட்டத்தின் கீழ் மனு செய்வது என்பது அவரவர் சூழலைப் பொறுத்தது. ஆனால் மனுத் தாக்கலாகும் நாளில் இருந்தே தொகை கணக்கிடப்படுகிறது என்பதால், முதல் விசாரணைத் தேதி வரை காத்திராமல், வழக்கின் தொடக்கத்திலேயே இடைக்கால மனுவையும் சேர்த்துத் தாக்கல் செய்வதே பயன் தரும்.